தீராத நடைவழி

அடுக்களையிலிருந்து படுக்கையறைக்குப் பதினொரு தப்படி. அவள் எழுதும் மாயக்கதைத் தொடரின் எட்டு பாகங்களிலும் அந்தக் கணக்கு மாறியதில்லை. அன்று மத்தியானம் பதினாலு வந்தது.

மாய உலகக் கதை எழுதுகிறவர்களுக்கு மறதிதான் முதல் எதிரி. முதல் பாகத்தில் இடப்பக்கம் இருந்த கதவை நாலாம் பாகத்தில் வலப்பக்கம் வைத்துவிட்டால், வாசகர்கள் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். அதனால் அவள் சூனியக்காரியின் கோட்டையைத் தன் வீட்டை வைத்தே கட்டிக்கொண்டாள். குளியலறை பாதாளச் சிறை. அடுக்களை காவலர் கூடம். அடுக்களைக்கும் படுக்கையறைக்கும் நடுவே அந்த நடைவழி. சந்தேகம் வந்தால் எழுந்து நடந்து, எண்ணிப் பார்த்துத்தான் எழுதுவாள். பறக்கும் குதிரையை எங்கே கட்டப் போகிறாய் என்று கணவன் கேலி செய்வான். அவன் வேலையாக வெளியூர் போயிருந்தான்.

தூக்கமில்லாததால் எண்ணிக்கை தப்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஒன்பதாம் பாகம் அவளைச் சக்கையாகப் பிழிந்திருந்தது. போதாக்குறைக்கு ஆறு வயது மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல்.

பதிப்பகத்தில் பிழை திருத்தும் பெண் போன் செய்தாள்.

"அக்கா, கோட்டையில அந்த நடைவழி பதினொரு தப்படிதானே? கடைசி அத்தியாயத்துல, ஆயுசு பூரா நடந்தாலும் தீராதுன்னு எழுதியிருக்கீங்க?"

"அன்னிக்கு எந்திரிச்சு நடந்து பாக்க முடியலம்மா. கண்ணு சொருகிடுச்சு."

"மாத்திடவா? இப்பவே சொல்லணும், அச்சுக்குப் போகுது."

மாற்றினால் அதற்குப் பின்னால் நாற்பது பக்கம் மாற வேண்டும். நினைக்கும்போதே அழுகை வந்தது.

"அப்படியே இருக்கட்டும், விடு."

போனை வைத்ததும் உள்ளேயிருந்து குரல் கேட்டது. "அம்மா, தண்ணி."

சுடுதண்ணீரை டம்ளரில் ஊற்றிக்கொண்டு நடந்தாள். மருந்து நெடியும் ஈரத்துணி வாடையும் கலந்த அந்த வழியில், வெயில் ஜன்னலோடு நின்றுவிட, தன் செருப்பில்லாத காலடி தனக்கே தூரத்தில் கேட்பதுபோல் இருக்க, பதினொன்று, பதினாலு, இருபது என்று எண்ணிக்கொண்டே போனாள். நாற்பதில் நின்றாள். படுக்கையறைக் கதவு தீப்பெட்டி அளவில் தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். அடுக்களை முதுகுக்குப் பின்னால் இரண்டே அடியில் இருந்தது. குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

பாய்ந்து போய் போனை எடுத்தாள். "மாத்திடும்மா! அந்த வரிய எடுத்துடு!"

"அய்யோ, இப்பத்தான் அனுப்பினேன். அச்சு ஓட ஆரம்பிச்சிடுச்சுக்கா."

டம்ளரோடு மறுபடி ஓடினாள். மூச்சு வாங்கியது. கதவு கிட்டே வரவேயில்லை.

"அம்மா, ஏன் வரல? நானே வரேன்."

ஆயுசு பூரா என்று எழுதியவள் அவள்தானே. "வேண்டாம் கண்ணு! எறங்காத! கட்டில்லயே இரு!"

தரையில் சின்னப் பாதங்கள் குதித்தன. பட், பட், பட். ஓட்டம். கொஞ்ச நேரம் சிரிப்பு. பிறகு சிரிப்பில்லை.

"திரும்பிப் போடி செல்லம்!"

"போக முடியலம்மா. கதவக் காணோம்."

காலடிகள் கனத்தன. "அம்மா." ஒரு குமரியின் குரல். அழுதுகொண்டிருந்தாள்.

அவள் ஓடினாள். சுவர்கள் நகரவில்லை.

"அம்மா." இப்போது அவளுடைய வயதே ஆன ஒருத்தியின் குரல். களைத்திருந்தது. பிறகு கூப்பிடவில்லை. நடை மட்டும். தேய்த்து, நின்று, தேய்த்து. இருமல்.

நிழலிலிருந்து ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டு வந்தது. சுருங்கிய கை. பின்னாலேயே, தலை முழுக்க நரைத்து, கூன் விழுந்த ஒரு கிழவி. பாதம் இரண்டும் தேய்ந்து ரத்தமாக இருந்தன. இன்னொரு கையில், கிழிந்து கந்தலான ஒரு குழந்தைச் சட்டையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

டம்ளரில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு தூரம்மா," என்றாள் கிழவி. தண்ணீருக்குக் கை நீட்டினாள்.