இரண்டாவது பாதி

போன வாரமே நீலகண்டன் அழித்த பெயர் திரையில் மறுபடி இருந்தது. சுபாஷிணி.

மட்டாஞ்சேரியில் ஒரு காலத்தில் சுக்குக் கிடங்காக இருந்து, இப்போது கணினி சர்வர் அறையாகிவிட்ட கட்டடம் அது. ஏசியின் குளிரையும் விசிறிகளின் ஓயாத இரைச்சலையும் மீறி, சுவருக்குள்ளிருந்து பழைய சுக்கின் காரம் கசிந்து அவன் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. வெளியே மத்தியான மழை.

சேமிப்பு வட்டுகளின் பூட்டைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். ஒரே சாவி, ஆளுக்குப் பாதி ரகசியச் சொல். ஒரு பாதி அவனுடையது. மற்றது அவன் மனைவி சுபாஷிணியுடையது. மார்ச்சில், தீயணைக்கும் வாயு திறந்துகொண்டபோது, இதே அறையில் கதவு திறக்காமல் செத்தாள். அன்றைய கேமராப் பதிவும் அந்த வட்டுகளில்தான் பூட்டிக் கிடந்தது. இன்று புதுச் சாவி போட்டால் அதை இனி யாராலும் பார்க்க முடியாது.

"பேரு கிடந்தா கிடக்கட்டும்டா," என்றார் மேலாளர் சுதீர், கையில் சாயாக் கிளாஸுடன். "புதுச் சாவியில உன் பாதிய அடி. அவ இடத்துல நான் அடிச்சுக்கறேன்."

"அந்தப் பதிவ ஒரு தடவை பார்க்கணும், சார்."

"அவ பாதி அவளோட போச்சு. மேலோகத்துக்கு போன் போடுறியா?" சிரித்தார். "அன்னைக்கு நான் களமசேரியில மோனே. இங்க இருந்திருந்தா திறக்க மாட்டேனா?"

மூன்று மாதமாக இதே பேச்சு. நீலகண்டன் பல்லைக் கடித்தபடி தன் பாதியை அடித்தான். புதியதை அல்ல. பழையதை.

கீழே, அவள் பாதிக்கான கட்டத்தில் ஒரு புள்ளி விழுந்தது.

அவன் கைகள் மடியில் இருந்தன.

இன்னொரு புள்ளி. இன்னொன்று. கீபோர்டின் விளிம்பில் கண்ணாடி வளையல் உரசும் சத்தம். கடைசி எழுத்துக்கு முன் ஒரு நிறுத்தம். அவள் எப்போதும் நிறுத்துகிற இடம்.

வட்டுகளில் பச்சை விளக்குகள் எரிந்தன. பதிவு ஓடியது.

கண்ணாடிக் கதவை உள்ளிருந்து அறையும் சுபாஷிணி. வெளியே சுதீர். கையில் கதவை வெளியிலிருந்து திறக்கும் அட்டை. பார்த்தார். அட்டையைச் சட்டைப்பையில் போட்டார். போய்விட்டார்.

கிளாஸ் விழுந்து உடைந்தது.

"திறந்தா எனக்கும் வாயு ஏறும்டா. எனக்கு ரெண்டு பிள்ளைங்க..."

நீலகண்டன் எழுந்தான். வெளியே வந்தான். பின்னால் கதவு பூட்டிக்கொண்டது. உள்ளே வாயுவின் சீறல். அவன் எதையும் தொடவில்லை.

சுதீர் கைப்பிடியை முறுக்கினார். திறக்கவில்லை. கண்ணாடியை அறைந்தார்.

நீலகண்டனிடமும் அதேபோல் ஒரு அட்டை இருந்தது.

சட்டைப்பையில் போட்டான்.

ஆவி படர்ந்த கண்ணாடியில் சுதீரின் இரண்டு உள்ளங்கைகள். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து நீண்டு, அவற்றின் மேல் படிந்த வேறு இரண்டு கைகள். சின்னவை. வளையல் போட்டவை. அவருடைய விரல்களைக் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், பிரித்துக்கொண்டிருந்தன.