எல்லாச் சீமாட்டிகளுக்கும் ஒரே கை

படத்தில் வலக்கையின் மேல் இடக்கை கிடந்தது. ஓவியன் ஆம்ப்ரோஸ் டில்லட் நேற்று வரைந்து வைத்தது நேர்மாறாக, இடக்கையின் மேல் வலக்கை.

1711இல் நாரிச் நகரத்துப் பணக்கார வீட்டுச் சுவர்களில் தொங்கிய சீமாட்டிகளுக்கெல்லாம் முகம் அவரவருடையது, கை மட்டும் ஆம்ப்ரோஸின் மனைவி கெசையாவுடையது. முகம் முடிந்ததும் சீமாட்டிகள் கிளம்பிவிடுவார்கள். கெசையா ரொட்டிமாவைத் துடைத்துவிட்டு வந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். எட்டு வாரத்துக்கு முன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். "ஃபீபிய விட்டுட்டுப் போக மாட்டேன்" என்பதே அவள் கடைசிப் பேச்சு. ஆறு வயது மகள் ஃபீபியைத் தவிர அவனுக்கு இனி யாருமில்லை. ஆனாலும் அவனுக்கு அழுகை வரவில்லை. மரத்துப்போய், நினைவிலிருந்தே அந்தக் கைகளை வரைந்துகொண்டிருந்தான்.

பத்து மணிக்குப் படத்துக்குரிய திருமதி லவிக் வந்தாள்.

"அடேயப்பா, இது என் கையா! என் விரலு முள்ளங்கி மாதிரில்ல இருக்கும்? எங்க வீட்டுக்காரரு வேற எவளோன்னு நெனச்சிருவாரு." சிரித்தவள் குனிந்து பார்த்தாள். "ஆமா, இதென்ன, யாரையோ வாவான்னு கூப்பிடுற மாதிரி இருக்கு?"

பார்த்தான். இடக்கை இப்போது உள்ளங்கையைக் காட்டி மலர்ந்திருந்தது.

அவள் போனதும், ஆளிவிதை எண்ணெயின் வாடைக்குள்ளே நோயாளி அறையின் புளித்த காடி வாடை மெல்ல எழுந்து வர, படத்திலிருந்த கைகளைச் சுரண்டி எடுக்க அவன் கத்தியைத் தூக்கினான். முடியவில்லை. அதுவும் போனால் அவளுடையது என்று எதுவுமில்லை. படத்தைத் துணியால் மூடிவிட்டு ஃபீபிக்குக் கஞ்சி காய்ச்சக் கீழே போனான்.

கஞ்சி கொதிக்கும்போது மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. துணி சரிந்தது.

"ஏம்மா இவ்ளோ சில்லுன்னு இருக்கு?" ஃபீபியின் குரல்.

பிறகு ஒன்றுமில்லை.

ஓடினான். படிகள். கதவு.

நாற்காலி மேல் ஃபீபி நின்றிருந்தாள். படத்தில் அந்த இரண்டு கைகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு சின்னக் கை. ஈரம் காயாத வண்ணம். அவன் வரையாதது.

ஃபீபியின் வலது சட்டைக்கை வெறுமையாகத் தொங்கியது. ரத்தம் இல்லை.

"வலிக்கலப்பா," என்றாள்.

சிரித்துக்கொண்டே இடக்கையையும் படத்துக்கு நீட்டினாள்.