இருபத்திரண்டு பைட் தள்ளி நின்ற வண்ணங்கள்

மனிதகுலத்தை உயரே கொண்டு செல்லவே தாங்கள் அவதரித்ததாக அந்த லிஃப்ட் நிறுவனத்தின் வாசலில் பளிங்கில் செதுக்கி வைத்திருந்தார்கள். பத்து நாளாக அந்தக் கட்டடத்தில் அத்தனை பேரும் படியேறித்தான் போய்வந்தார்கள்.

காரணத்தை, முந்தின நாள் துப்பறிவாளரைத் தேடி வந்த பெண் சொல்லியிருந்தாள். அவள் கணவர் அங்கே பொறியாளர். நான்காம் மாடியில் பன்னிரண்டு வருட வேலை. மூன்று வாரத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார்.

"யாரும் பட்டனை அமுக்காமலே லிஃப்ட் நாலாவது மாடிக்குப் போய் நிக்குதாம் சார். கதவைத் திறந்துட்டு, யாரோ வரப்போற மாதிரி காத்திருக்குதாம். ஆவிங்கிறாங்க. அதைக்கூடத் தாங்கிக்கலாம். தன் வசதிக்காக அவரே லிஃப்டை இப்படி மாத்தி வெச்சுட்டாருன்னு இயக்குநர் சொல்றாரு. நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு எல்லாக் கிளைக்கும் அறிக்கை போகுது. என் பொண்ணும் இதே படிப்புதான் படிக்கிறா. அப்பாவைப் பத்தி இதையா அவ படிக்கணும்?"

மறுநாள் பத்து மணிக்குத் துப்பறிவாளர் தன் மச்சானோடு படியேறினார். மச்சானுக்குப் பூட்டுக் கடை. கடையை விட அத்தானின் வழக்குகளில்தான் அக்கறை அதிகம். அந்தப் பெண்ணும் கூட வந்தாள்.

நான்காம் மாடி ஆளரவமற்றுக் கிடந்தது. லிஃப்ட் மெல்ல வந்து நின்றது. கதவு திறந்து, அதன் வெளிச்சம் நடைபாதையைக் கடந்து, பொறியாளரின் காலி நாற்காலி வரை நீண்டது. உள்ளே யாருமில்லை. மச்சான் எண்ணிக்கொண்டே நின்றார். நாற்பது நொடிக்குப் பின் கதவு தயங்கித் தயங்கி மூடியது.

"அத்தான், இது நமக்கு வேண்டாத வேலை."

"சட்டையை விடு. கசங்குது."

இயக்குநரின் அறை ஐந்தாம் மாடியில். கதவிலிருந்த பித்தளைப் பெயர்ப்பலகையில் முதல் சொல் மட்டும் புதிதாக மின்னியது; மற்ற எழுத்துகள் மங்கியிருந்தன. துப்பறிவாளர் அதை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

"ஆதாரம் இல்லாமல் நான் மூச்சுகூட விடுவதில்லை," என்றார் இயக்குநர். லிஃப்டின் அமைப்புக் கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து காட்டினார். கோப்பின் ஒவ்வொரு பைட்டும் இரண்டிரண்டு எழுத்தாகத் திரையில் வரிசை கட்டி நின்றது. நடுநடுவே மஞ்சள், நீலம், சிவப்பு, சாம்பல். ஒவ்வொரு வண்ணத்துக்கும் பொறியாளர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்.

இயக்குநர் சிவப்பைத் தொட்டார். குறிப்பு விரிந்தது: 'யாரும் அழைக்காதபோது லிஃப்ட் இந்த மாடியில் நிற்கட்டும். மாற்றாதீர்கள்.' சிவப்புக்குள் இருந்த எண் 04.

"அவர் வண்ணம், அவர் வார்த்தை, அவர் மாடி. லிஃப்டை அணைத்துப் போட்டால்தான் அது புது எண்ணைப் படிக்கும். அவர் போன பிறகுதான் அணைத்துப் போட்டோம். வேறென்ன வேண்டும்?"

அந்தப் பெண் திரையையே வெறித்தாள். "அவர் பேசுற மாதிரியே இருக்கு," என்றாள் மெதுவாக.

துப்பறிவாளர் மஞ்சளைக் காட்டினார். "இது என்ன?"

"லிஃப்டின் வேகம். சேர்ந்தாற்போல் இரண்டு பைட்."

"வண்ணம் ஒரு எண்ணோட பின்பாதியில ஆரம்பிச்சு, அடுத்த எண்ணோட முன்பாதியில முடியுதே? இவ்வளவு நேர்த்தியா குறிப்பு எழுதுறவர் பாதி எண்ணுக்கா வண்ணம் அடிப்பார்? ஏம்மா, உங்க வீட்டுக்காரர் அவசரக்காரரா?"

"சட்டைப் பட்டனையே ரெண்டு தரம் சரிபார்ப்பார் சார்."

"அப்போ நகர்ந்தது வண்ணம் இல்லை, எண்கள். மச்சான், உன் கடையில அலமாரிக்கு முப்பது கொக்கி. கொக்கிக்கு மேல சீட்டு ஒட்டியிருக்கே. ஒருத்தன் நடுவுல ஒரு சாவியைச் செருகி, மத்ததையெல்லாம் ஒவ்வொரு கொக்கி தள்ளி மாட்டிட்டான்னா?"

"சீட்டு இருந்த இடத்துலயே இருக்கும். சாவி மாறிப்போகும். நான் தெருவுல நிப்பேன்."

"இந்த வண்ணமும் குறிப்பும் கோப்புக்குள்ள இல்லை; தனியா, இத்தனையாவது பைட்டுன்னு இடத்தை மட்டும் பிடிச்சு வெச்சிருக்கு. லிஃப்டும் அப்படித்தான், இடத்தைப் பார்த்துத்தான் படிக்குது."

துப்பறிவாளர் விரலால் எண்ணினார். லிஃப்டின் திரையில் ஓடும் வரவேற்பு வாசகமும் அதே கோப்பின் நடுவில்தான் இருந்தது; அதற்கு மேலே இருந்த வண்ணங்கள் எல்லாம் சரியான இடத்தில் இருந்தன. அதற்குக் கீழே ஒவ்வொன்றும் இருபத்திரண்டு பைட் பிசகியிருந்தது. சிவப்புக்கு நேராக நின்றிருக்க வேண்டிய 00, அதாவது தரைத்தளம், இருபத்திரண்டு பைட் கீழே கிடந்தது. இப்போது சிவப்புக்குள் வந்து உட்கார்ந்திருந்த 04, கதவு திறந்திருக்க வேண்டிய நொடிகளின் எண்ணிக்கை; அதன் இடத்திலோ மேலிருந்து இறங்கிய வேறொரு எண், நாற்பது.

"நாலு நொடி நாலாவது மாடி ஆயிடுச்சு," என்றார் மச்சான். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"அப்படின்னா வரவேற்பு வாசகத்துல யாரோ இருபத்திரண்டு பைட் செருகியிருக்காங்க. லிஃப்டுக்குள்ள திரையில என்ன வரும்?"

"வருக வருக என்று, என் பெயர்," என்றார் இயக்குநர். அவர் குரல் ஒரு மாடி இறங்கியிருந்தது.

"அதுக்கு முன்னாடி E0-ன்னு ஆரம்பிச்சு மூணு மூணு பைட்டா ஏழு குறி. தமிழ் எழுத்து இப்படித்தான் பதிவாகும். இருபத்தொண்ணு. கூட ஒரு இடைவெளி." துப்பறிவாளர், பைட்டுகளை எழுத்தாகக் காட்டும் வலப்பக்கப் பத்தியைத் தமிழுக்கு மாற்றினார். புள்ளிகளாகக் கிடந்த இடத்தில் எழுத்துகள் தெளிந்தன.

முனைவர்.

கதவுப் பலகையில் புதிதாக மின்னிய சொல்லும் அதுதான்.

"சின்னத் திருத்தம்... நானேதான்..." என்றார் இயக்குநர்.

அந்தப் பெண் கைநீட்டிச் சாம்பல் வண்ணத்தைத் தொட்டாள். அவள் கணவரின் குறிப்பு விரிந்தது: 'பெயர் நீளமானால் எழுத இங்கே காலி இடம் விட்டிருக்கிறேன். தயவுசெய்து நடுவில் செருகாதீர்கள்.' அதை இரண்டு முறை படித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு அறிக்கை போனது. அதில் பழுதுக்குக் காரணமாக இயக்குநரின் பெயர் இருந்தது. அந்தப் பெண் பக்கத்தில் நின்று தட்டச்சு செய்ய வைத்தாள். நடுவில் செருகிய சொல்லைக் கோப்பிலிருந்து நீக்கிவிட்டு லிஃப்டை அணைத்துப் போட்டார்கள். அது தரைத்தளத்துக்கு இறங்கி, நான்கு நொடி கதவைத் திறந்து மூடி, அமைதியாக நின்றது.

இயக்குநர் தன் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு இன்னும் தலைப்பே தேர்ந்தெடுக்கவில்லை.