கண்ணை மூடிப் பார்த்த குறி

ஸ்ரீனிவாசராகவன் கண்ணைத் திறந்தபோது ரிவால்வரின் குழல் சுவர்க் கடிகாரத்தை நோக்கி இல்லை. நீரஜாவை நோக்கி இருந்தது.

"சார், கடியாரம் அங்க கீது. அம்மா இங்க கீறாங்க" என்றார் துப்பாக்கிக் கடைக்காரர் அப்துல் கய்யூம், குழலை இரண்டு விரலால் மெல்ல ஒதுக்கிவிட்டு.

ஜன்னலோரம் உட்கார்ந்து மௌண்ட் ரோட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நீரஜா திரும்பினாள். தன் கணவன் கையையும் அதிலிருந்ததையும் பார்த்தாள்.

"திருடனுக்குன்னு சொல்லி அழைச்சுண்டு வந்தேளே. எனக்கா?"

மூவரும் சிரித்தார்கள். ஸ்ரீனிவாசராகவன்தான் முதலில் நிறுத்தினான். கை நகர்ந்ததே அவனுக்குத் தெரியவில்லை.

மாம்பலம் ஏரியைத் தூர்த்துப் போட்ட மனைகளில் அவர்கள் வீடு கட்டிக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தியாகராய நகர் என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, அவர்கள் தெருவுக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை. இருட்டினால் நரி ஊளையிடும், மழை பெய்தால் பழைய ஏரி தன் சேற்று வாடையோடு தோட்டத்துக்குள் எழுந்து வரும். போன மாதம் அடுத்த தெரு வீட்டில் புகுந்த திருடர்கள் நகையைக் கழற்ற மறுத்த பெண்ணின் மண்டையை உடைத்துவிட்டார்கள். அவள் பிழைக்கவில்லை. ஸ்ரீனிவாசராகவன் ஹைகோர்ட் வக்கீல். விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவான். அதுவரை நீரஜா தனி. லைசென்ஸ் கிடைத்த அன்றே அவளையும் அழைத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பரங்கிமலைப் பக்கம் சுடும் மைதானத்தில் பழகவும் வேண்டும், மற்ற நாளில் கோட்டுப் பையில் இருக்கவும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி. கய்யூம் தாடையைச் சொறிந்தார். மைதானத்துக்கு நீளக் குழல் வேணும், பைக்குக் குட்டைக் குழல் வேணும், ரெண்டும் ஒண்ணா கேட்டா நான் இன்னா பண்றது என்றார். பிறகு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் துணிமேல் வைத்தார்.

"குறியைப் பாருங்க. கண்ண மூடிக்கங்க. கையைத் தூக்கி நீட்டிட்டு அப்பால கண்ண தொறங்க. துப்பாக்கி குறி மேல நின்னா அது உங்க கைக்குப் பொறந்தது. நம்ம கடையில இதான் வழக்கம்."

நீளக் குழல் முன்கனத்தில் தாழ்ந்து தரையைப் பார்த்தது. குட்டையானது கூரையைப் பார்த்தது. மூன்றாவதாக வந்தது நடுத்தரம், பழசு. பிடியின் மரம் யாரோ ஒருவருடைய உள்ளங்கைக்கு ஏற்றபடி தேய்ந்து வழவழத்திருந்தது. அதுதான் நீரஜாவை நோக்கி நின்றது.

இன்னொரு தடவை முயன்றான். இம்முறை கடிகாரத்தையே கண்ணுக்குள் வைத்துக்கொண்டான். திறந்தான். முள்ளிரண்டும் சேரும் இடத்தில் குறி நின்றது.

"பாத்தீங்களா?" என்றார் கய்யூம்.

"யாரோடது?"

"ஒரு தொரையோடது. சீமைக்குப் பூட்டாரு."

"சம்சாரத்தோடவா?"

கய்யூம் துணியை மடித்துக்கொண்டிருந்தார். "அவங்க போவல" என்றார்.

ஸ்ரீனிவாசராகவன் அதற்குமேல் கேட்கவில்லை. கைக்கு அவ்வளவு பொருந்தியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கண்ணைத் திறந்துகொண்டு சுட்டபோதெல்லாம் தோட்டா கறுப்பு வட்டத்துக்குள்ளேயே விழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் அது என்ன துப்பாக்கி என்று கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். கொண்டுபோன தோட்டா தீர்ந்த பிறகு, ஒரு சந்தேகம் தீரட்டுமென்று, காலியான துப்பாக்கியை நீட்டிக் கண்ணை மூடினான். புல்லின் வெக்கையும் வெடிமருந்தின் கரிப்பும் மூக்கில் ஏறின. எங்கோ ஒரு ரயில் நீளமாகக் கூவிக்கொண்டு போனது. கண்ணைத் திறப்பதற்குள் யாரோ கத்தினார்கள். பழக்கிவிடும் சுபேதார் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"வக்கீல் சார்! அட்டை எதிர்ல இருக்கு. நீங்க எங்க நீட்டறீங்க?"

குழல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அந்தத் திசையில் பனைமரங்கள். பனைமரங்களுக்கு அப்பால் மாம்பலம். அவன் வீடு.

அன்று மாலை கூடத்தில், ரிவால்வரின் உருளையைத் திறந்து தோட்டா அறைகள் எல்லாம் காலி என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வாசற்கதவின் தாழ்ப்பாளைக் குறிவைத்துக் கண்ணை மூடினான். அடுக்களையில் நீரஜா தேங்காய் துருவும் ஓசை சீராக வந்துகொண்டிருந்தது. திறந்தான். குழல் சுவரைப் பார்த்தது. சுவருக்குப் பின்னால் துருவும் ஓசை.

ஓசை நின்றது. காலடி கொல்லைப்பக்கம் போனது. கிணற்றில் ராட்டினம் கிறீச்சிட்டது.

மறுபடி மூடினான். தோள் அசைகிறதா என்று இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டான். அசையவில்லை. சத்தியமாக அசையவில்லை.

திறந்தான். குழல் கிணற்றுப் பக்கம்.

துப்பாக்கியை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டு படுத்தான். தூக்கம் பிடிக்கவில்லை. புரண்டான். நரி கத்தி ஓய்ந்தது. கண் தன்னை அறியாமல் செருகும்போதெல்லாம் திடுக்கிட்டு எழுந்து, பக்கத்தில் நீரஜாவின் மூச்சு வருகிறதா என்று கேட்டான். விடியற்காலையில் எப்போதோ அயர்ந்துவிட்டான்.

காபி டம்ளரை நீட்டிய நீரஜா முகத்தைச் சுளித்தாள்.

"ஏன்னா, கையில என்ன எண்ணெய் வாடை?"

முகர்ந்தான். துப்பாக்கி எண்ணெய். சாவி பூணூலிலேயே இருந்தது.

அவளிடம் என்ன சொல்வது? உன்னைக் காக்க வாங்கியது உன்னைத்தான் தேடுகிறது என்றா? கோட்டை மாட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனான். கடை பூட்டியிருந்தது. ஆயுத பூஜை விடுமுறை, விஜயதசமி கழிந்துதான் திறப்பார்கள் என்றான் பக்கத்துக் கடைக்காரன். ஸ்ரீனிவாசராகவனுக்கு நாளே மறந்திருந்தது.

வீட்டுக்கு வந்தான். தோட்டாப் பெட்டியைக் கொல்லைக்கு எடுத்துப்போய் அப்படியே கிணற்றில் கவிழ்த்தான். பித்தளை மினுங்கி, தண்ணீருக்குள் போய், மறைந்தது. அப்போதுதான் முதல் முறையாக மூச்சு சரியாக வந்தது. உள்ளே திரும்பினால், பெருமாள் முன்னால் நீரஜா பலகை போட்டிருந்தாள். அவனுடைய சட்டப் புத்தகங்கள், அவளுடைய வீணை, அரிவாள்மணை. நடுவில் ரிவால்வர்.

"இதை யார் எடுத்தா?"

"நான்தான். பீரோ திறந்தேதான் கிடந்தது. ஆத்துல ஆயுதம்னு இருக்கறது அது ஒண்ணு. அதை விட்டுட்டு அரிவாள்மணைக்கு மட்டும் ஆயுத பூஜையா?"

"நான் இதைத் திருப்பிக் கொடுக்கப் போறேன்."

"கொடுங்கோ. நாளைக்கு. வெச்சாச்சு, இன்னிக்குத் தொடப்படாது. புஸ்தகத்தையே தொட விடமாட்டா எங்காத்துல. பயந்தாங்கொள்ளி!"

அவன் கை நீட்டியது. அவள் அதை அறைந்து தள்ளினாள், சிரித்துக்கொண்டே. சின்ன வயதிலிருந்து இந்த நாளில் பென்சிலைக்கூடத் தொட்டறியாதவன். கை தானாகப் பின்வாங்கியது. காலியாகத்தானே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டான். தோட்டா கிணற்றில்.

நைவேத்தியமெல்லாம் ஆகட்டுமென்று பூஜையை அந்திக்குத் தள்ளியிருந்தாள். மழை இறங்கிவிட்டது. ஓட்டுத் தாழ்வாரத்தில் இடைவிடாத இரைச்சல். ஏரியின் சேற்று வாடை கதவிடுக்கு வழியாக வந்து சந்தனத்தோடும் மல்லிகையோடும் கலந்தது. ஒரே ஒரு குத்துவிளக்கு. நீரஜா புத்தகங்களுக்குப் பொட்டிட்டாள். வீணைக்கு இட்டாள். ரிவால்வருக்கு எங்கே இடுவது என்று யோசித்து, குழலின் வாயைச் சுற்றிக் கெட்டியாகச் சந்தனம் தடவினாள்.

கற்பூரம் காட்டினாள்.

"சேவிச்சுக்கோங்கோ."

கை குவித்தான். தட்டில் சுடர் ஆடியது. அப்பா சொல்லித் தந்தது, பிறந்ததிலிருந்து பழகியது, கற்பூரத்தைக் கண்டால் தானாக நடப்பது. கண்ணை மூடினான்.

மூடியது மூடிவிட்டதென்று உணர ஒரு கணம் ஆயிற்று.

திறந்தான்.

ரிவால்வர் பலகையில்தான் இருந்தது. அவன் கைகள் குவிந்தபடிதான் இருந்தன. மழை பெய்துகொண்டிருந்தது.

நீரஜாவும் கண்ணை மூடியிருந்தாள். இப்போது திறந்தாள்.

அவள் நெற்றியில், குங்குமத்தைச் சுற்றி, ஈரமான சந்தன வளையம்.

"என்ன, அப்படிப் பாக்கறேள்?"

வளையம் சின்னது. நல்ல வட்டம். விளிம்பில் சதை அழுந்திச் சிவந்திருந்தது.

குழலின் வாயைப் பார்த்தான். சந்தனம் கலைந்திருந்தது. உருளையைப் பார்த்தான். அறைகளின் பின்பக்கம் மினுங்கியது. பித்தளை. அறை அறையாகப் பித்தளை. அதிலிருந்து தண்ணீர் கசிந்து பலகையில் சொட்டியது.

சேற்று வாடை. கிணற்று வாடை.

"நீரஜா. வெளியில போ."

"மழையிலயா? எங்க?"

எங்கே? பரங்கிமலையிலிருந்தே அது அவள் இருக்குமிடத்தைத் தெரிந்துவைத்திருந்தது.

கண்ணை மூடக்கூடாது. அவ்வளவுதான். மூடாமல் இருந்தால் போதும். விடியும்வரை. இமைகள் எரிந்தன. நீர் கோத்தது. இமைக்கவில்லை.

கொல்லைக் கதவு காற்றில் அடித்துத் திறந்தது.

விளக்கு அணைந்தது.

இருட்டு. கண்ணை அகலத் திறந்தான். இன்னும் அகல. ஒன்றும் தெரியவில்லை. திறந்திருக்கிறதா என்பதுகூடத் தெரியவில்லை.

"அசையாதேங்கோ. எண்ணெய்க் கிண்ணத்தைத் தட்டிடுவேள்." அவள் குரல் கிட்டத்தில் வந்தது. தீப்பெட்டியைத் துழாவும் ஓசை.

வலது கையில் கனம். ஈரம். உள்ளங்கைக்குப் பொருந்திய வழவழப்பு.

விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். பிரியவில்லை.

குச்சி உரசியது.

வெளிச்சத்தில் முதலில் அவள் நெற்றி தெரிந்தது. பிறகு சந்தன வளையத்தில் இம்மியும் பிசகாமல் பொருந்திய குழல். பிறகு அவன் கை.

அவள் அவனையே பார்த்தாள். குச்சி அவள் விரலை நோக்கி எரிந்துகொண்டே வந்தது.