யாரும் பதில் போடாதீங்கோ

மத்தியானக் காபிக்குப் பாலை அடுப்புல வெச்சுட்டு, டிக்காஷன் சொட்டற சத்தத்தைக் கேட்டுண்டே போனை எடுத்த ஸ்ரீரஞ்சனிக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அவா மந்தைவெளி ஃப்ளாட் வாட்ஸ்அப் குரூப்ல, அவ பேர்ல, இடது காது விட்டுப்போன அவ வட்டப் படத்தோட, அவ போடவே போடாத மெசேஜ் ஒண்ணு.

"காமாக்ஷி மாமி வாசல்ல ஏன் எப்பவும் ஒரு நாத்தம்? சும்மா கேட்டேன்."

எதிர் ஃப்ளாட் காமாக்ஷி மாமி விடுவாளா? பிடிபிடின்னு பிடிச்சுண்டா. மாடி அஃப்சருன்னிசா சமாதானம் பண்ண வந்து நன்னா வாங்கிக் கட்டிண்டா. அந்தப் போலி மட்டும் நடுவுல ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுட்டு, "ஐயோ, நான் என்ன தப்பா கேட்டுட்டேன்?"னு இன்னும் கொஞ்சம் கிண்டி விட்டுது.

ஸ்ரீரஞ்சனிதானே அட்மின்? நம்பரைப் பார்த்தா, வேற யாரோடதோ. உடனே குரூப்லேர்ந்து தூக்கினா. அடுத்த நிமிஷமே இன்னொரு நம்பர்ல, அதே பேரு, அதே படம். வந்து நின்னுது.

"இதான் வம்பு இழுக்கறது"ன்னு எல்லாருக்கும் எழுதினா. "ஒரு கேள்வி கேக்கும், ரெண்டு பேரை முட்ட விடும், அப்புறம் தான் ஒண்ணும் தெரியாத பாப்பா. பதில்தான் அதுக்குத் தீனி. இனிமே என் பேர்ல எது வந்தாலும், அழுதாலும் கெஞ்சினாலும், யாரும் பதில் போடாதீங்கோ."

ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கினா. குரூப் அடங்கித்து. ஃப்ளாட்டும்தான்.

அந்த அமைதியிலதான் கேட்டுது. வாசக்கதவோட வெளித் தாழ்ப்பாளை யாரோ, அவசரமே படாம, தினமும் இந்த வீட்டைப் பூட்டிண்டு போற கை மாதிரி, மெதுவா இழுத்துப் போடற சத்தம்.

கதவை இழுத்தா. வரலை. ஆத்துக்காரர் டெல்லி ஃப்ளைட்ல இருக்கார், போன் ஆஃப்.

"மாமி, யாரோ வெளியில தாழ்ப்பாள் போட்டுட்டா. நான்தான், நிஜமாவே நான். வந்து திறங்கோ."

எல்லாரும் படிச்சா. நீல டிக். ஒருத்தரும் வாயைத் திறக்கலை.

போன் பண்ணினா. மாமி எடுத்தா.

"குரலைக்கூட அப்படியே பண்றதே, கடங்காரி!"

வெச்சுட்டா.

தட்டினா. உள்ளங்கை எரியத் தட்டினா. பால் பொங்கி அடுப்புல வழியற தீய்ஞ்ச நாத்தம் வந்தும் நகரலை.

எதிர்க்கதவு திறக்கற சத்தம். ஸ்ரீரஞ்சனி கதவு ஓட்டைக் கண்ணாடியில கண்ணை வெச்சா. காமாக்ஷி மாமி, போன்லேர்ந்து கண்ணை எடுக்காமலே, எதிர்ல நின்னவளைக் கேட்டா.

"ஏண்டி ரஞ்சனி, உன் ஆத்துல யாருடி தட்டறது?"

"கண்டுக்காதீங்கோ மாமி. தானா ஓஞ்சுடும்."

ஸ்ரீரஞ்சனியோட குரல். ஸ்ரீரஞ்சனியோட முதுகு. இப்போ அவ உடம்புல இருக்கற அதே பச்சைப் புடவை.

மாமி தலையை ஆட்டிண்டே உள்ள போனா. கதவு சாத்தித்து.

அது திரும்பித்து.

படத்துல இருக்கற அதே சிரிப்பு. உதடு அசையலை. கண் சிமிட்டலை. படத்தை வட்டமா நறுக்கின இடத்தோட தலை முடிஞ்சிருந்தது. இடது காது இருக்கவேண்டிய இடத்துல, எதிர்க்கதவு மாவிலைத் தோரணம் ஆடிண்டிருந்தது.