நாற்பது பாகை நாற்காலி

காலை ஒன்பதரைக்கு அலுவலகம் வந்த ஹெப்சிபா, தன் நாற்காலியின் மேல் சின்ன வாணலியை வைத்து ஒரு முட்டையை உடைத்து ஊற்றினாள். இரண்டு நிமிடத்தில் வெந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் மட்டும் மிளகுத்தூள் கொடுத்தார்.

நிறுவனங்களின் கணிப்பொறிகள் கக்கிய வெப்பத்தில் ஊரே வெந்த பிறகு அரசு கொண்டுவந்தது தன்சூட்டுச் சட்டம். ஒருவர் சேர்த்துவைக்கும் கோப்புகளைக் காக்கக் கணிப்பொறிகள் ஓயாமல் ஓடுகின்றன அல்லவா, அந்தச் சூடு குழாய் வழியே அவரவர் நாற்காலிக்கே வந்துவிடும். சூடு பட்டால் கோப்பைக் குறைப்பார்கள் என்று அரசு நம்பியது. நம்மவர்கள் தடித்த மெத்தையாக வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

தணிகாசலம் அந்தக் கிளையின் சூடுதணிப்பு அதிகாரி. அன்று மாலை நான்கு மணிக்கு அரசு ஆய்வு. ஒரே ஒரு நாற்காலியின் சூடு நாற்பது பாகையைத் தாண்டினாலும் சட்டப்படி அவருக்கு நிலாக் கிளைக்கு மாற்றல். அங்கே குளிக்க வாரத்துக்கு இரண்டு சொம்புத் தண்ணீர்தான். போன மாதம்தான் மேடவாக்கத்தில் வீடு கட்டிக் குடிபோயிருந்தார் மனிதர்.

“ஹெப்சிபா, இது என்னம்மா? பன்னெண்டு வருஷத்துக்கு முந்தின பொங்கல் விழா வரவேற்புரை, முப்பத்தேழு நகல்! ‘இறுதி’, ‘புது இறுதி’, ‘சத்தியமா இறுதி’ன்னு!”

“எதுக்கும் இருக்கட்டும் சார். திடீர்னு யாராவது கேட்டா?”

“யாரு கேப்பா? பேசினவரே ரிட்டயராகி செவ்வாய்க்குப் போயிட்டாரு!”

“அப்ப நீங்களே அழிச்சிக்குங்க. நாளைக்கு மேனேஜர் கேட்டா உங்க பேரைத்தான் சொல்லுவேன்.”

அறுபது பேரும் இதையேதான் சொன்னார்கள். தணிகாசலம் உட்காரக்கூட நேரமில்லாமல் மேசை மேசையாகப் போய்க் கெஞ்சினார், அதட்டினார், ஒவ்வொன்றாக அழித்தார். ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தும் முன் அவர் விரல் கொஞ்சம் தயங்கியது. மூன்றரை மணிக்கு நாற்காலிகள் ஆறிவிட்டன. பத்து வருடத்தில் முதல் தடவையாக எல்லோரும் மெத்தையில்லாமல் உட்கார்ந்தார்கள். ஒருவர் குறட்டையே விட்டார்.

ஆய்வாளர் ரஹிமுன்னிசா வெப்பமானியோடு ஊழியர்களின் அறுபது நாற்காலிகளையும் அளந்தார். எல்லாம் இருபத்தாறு பாகை.

“பரவாயில்லையே சார்! இப்படி ஒரு ஆபீசை நான் பார்த்ததே இல்ல.”

தணிகாசலத்துக்குக் கண் கலங்கியது. மேலதிகாரி வந்தால் தன் இருக்கையை விட்டுக்கொடுத்தே பழகியவர். “உட்காருங்க மேடம், இளநீர் சொல்றேன்” என்று தன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

உட்கார்ந்த ஆய்வாளர் “அல்லாஹ்!” என்று துள்ளி எழுந்தார். நாற்காலி பணிவாக அறிவித்தது: “நூற்றெழுபத்தெட்டு பாகை. அறுபது பேரின் கோப்புகளும் இங்கே பத்திரமாக உள்ளன.”

“என்ன சார் இது?”

“அழிக்கிறதுக்கு முன்னால ஆளுக்கொரு நகல் எடுத்து வச்சேன் மேடம்... எதுக்கும் இருக்கட்டும்னு.”

பாவம், வேறென்ன சொல்வார்? ஆய்வாளர் நின்றபடியே நிலா மாற்றல் ஆணையைத் தட்டச்சு செய்து முடித்து, ஹெப்சிபா பக்கம் திரும்பினார்.

“இதை நாலு நகல் எடுத்து உங்க கோப்புல போட்டு வையுங்கம்மா. எதுக்கும் இருக்கட்டும்.”

ஹெப்சிபா தலையாட்டிவிட்டு, உள்ளே வைத்த வாணலியை மறுபடி வெளியே எடுத்தாள்.