அவுட்பாக்ஸில் இரண்டு!

ராய்ஸ் செத்து உடம்புச் சூடுகூட ஆறவில்லை. அதற்குள் அவனுக்கு போன்!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

வெர்னா எடுக்கவில்லை.

ராய்ஸின் நாற்காலியில் உட்கார்ந்து, ராய்ஸின் கம்ப்யூட்டரில், ராய்ஸே எழுதியதுபோல ஒரு மெயில் அடித்து முடித்திருந்தாள். 'அனுப்பு' என்ற பட்டனைத் தட்டினாள். போகவில்லை. இன்னொரு தடவை தட்டினாள். ம்ஹூம்! அவுட்பாக்ஸில் போய் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது மெயில்.

மேஜை மறைவில், அவள் காலடியில், கார்ப்பெட்டில் குப்புறக் கிடந்தான் ராய்ஸ். பக்கத்தில், பனிக்கட்டித் தரையில் கல்லைச் சறுக்கிவிடும் கர்லிங் போட்டியில் அவன் ஜெயித்த கல் கோப்பை. அதன் விளிம்பில் ரத்தம்.

போன் நின்றது.

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி அலறியது! விட்டால் பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்ப்பான். எடுத்தாள்.

"ஹலோ..."

"மேடம், கம்ப்யூட்டர் சர்வீஸ்லேர்ந்து ரெஜான் பேசறேன். மான்க்டன்லேர்ந்து. உங்க ஆபீஸ்ல மெயில் வெளிய போகலைன்னு கம்ப்ளெயின்ட். இன்னும் மக்கர் பண்ணுதா?"

வெர்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவனுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் தோளைக் குலுக்கிக்கொண்டாள். இந்தக் காலத்தில் மிஷினே போய்க் கோள் சொல்லியிருக்கும்.

"ஆமா தம்பி. போக மாட்டேங்குது. நான் ராய்ஸோட பார்ட்னர்தான்."

"ராய்ஸ் சார் இல்லையா?"

"காபி வாங்கப் போயிருக்கார்."

"குடுத்து வெச்சவர்" என்றான் ரெஜான். அவன் குரலிலும் ஒரே அலுப்பு. காலையிலிருந்து ஊரான் கம்ப்யூட்டருக்கெல்லாம் வைத்தியம் பார்த்த அலுப்பு.

வெர்னாவின் அலுப்பு வேறு. அது இருபது வருஷத்து அலுப்பு.

பிராண்டன் ஊரில் ராய்ஸும் அவளும் சேர்ந்து தண்ணீர் பரிசோதிக்கும் லேப் நடத்தினார்கள். சோதனை அவள் வேலை. ஆபீஸ் அவன் வேலை. ஊருக்கு வெளியே, சக்கரம் வைத்த ட்ரெய்லர் வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள் குடிக்கிற கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது என்று அவள் எழுதிக் கொடுத்தாள். 'நல்ல தண்ணீர்' என்று ரிப்போர்ட் வெளியே போனது! கீழே வெர்னாவின் கையெழுத்து. போட்டது ராய்ஸ்! அந்த வீடுகளின் சொந்தக்காரன் தரும் வாடிக்கை கை நழுவிவிடும் என்ற பயம் அவனுக்கு.

பிள்ளைகள் வரிசையாக ஆஸ்பத்திரியில் படுத்தன.

நாளைக்கு விசாரணைக் கமிஷன். ராய்ஸ் வாயைத் திறந்தால் அவள் தப்பிப்பாள். திறக்காவிட்டால் ஜெயில்!

வாரம் முழுக்க அவனுக்கு மெயில் போட்டாள். கெஞ்சினாள். பதிலே இல்லை. இன்றைக்கு நேரில் வந்து நின்றாள்.

"என்ன முடிவு பண்ணினே ராய்ஸ்?"

"மெயிலைப் பாரு வெர்னா. எல்லாத்தையும் எழுதிட்டேன். வாயால சொல்லத் தெம்பு இல்ல."

செல்போனைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"எதுவும் வரலியே!"

"வரும், வரும்..." என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான்! அதற்கப்புறம் கோப்பை எப்படி அவள் கைக்கு வந்தது என்று அவளுக்கே தெரியாது.

சரி... நடந்தது நடந்துவிட்டது. அவன் பெயரில் கமிஷனுக்கு ஒரு ஒப்புதல் மெயில் போய்விட்டால் போதும். பின் வாசல் வழியாக நழுவிவிடலாம். ராய்ஸின் மண்டையை உடைக்க ஆசைப்பட்ட அப்பன்மார்கள் அந்த ட்ரெய்லர் வீடுகளில் நிறையவே இருந்தார்கள். பழி அந்தப் பக்கம் போகும்.

"மேடம்... லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன், சொல்லு."

"ஸ்க்ரீன்ல கீழ்க் கோடியில என்ன போட்டிருக்கு? 'ஆஃப்லைன்'னா? சில பேர் தெரியாம அதைத் தட்டிடுவாங்க."

"இல்ல. 'கனெக்டட்'."

"பாஸ்வேர்ட் கேட்டுச் சின்னதா ஒரு பெட்டி வந்துச்சா? மத்ததுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கும்."

"வரல."

"மெயில் பாக்ஸ் நிரம்பிடுச்சுன்னு திட்டுச்சா?"

"திட்டலப்பா!"

"சரி, ப்ரோகிராமை மூடிட்டுத் திறங்க."

"இதைத்தானே எல்லாரும் சொல்றீங்க!"

"இதுலதான் மேடம் எங்க பொழப்பே ஓடுது."

மூடினாள். திறந்தாள். மெயில் இருந்த இடத்திலேயே இருந்தது.

"அவுட்பாக்ஸ் பக்கத்துல நம்பர் ஏதாவது தெரியுதா?"

"ரெண்டு."

ரெண்டு தடவை தட்டினோமே, ரெண்டாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் வெர்னா.

"மேஜைக்குப் பக்கத்துல, தரையில கறுப்பு டப்பா இருக்கும் பாருங்க. பச்சை லைட் எரியுதா?"

வெர்னா குனிந்து பார்த்தாள்.

டப்பா இருந்தது. அதன்மேல் ராய்ஸின் வலது கை கிடந்தது!

"தெரியல தம்பி... கை மறைக்குது."

"யாரு கை?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"...என் கைதான்."

"எடுங்க மேடம்."

கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையைப் பிடித்து நகர்த்தினாள். இருபது வருஷமாகக் காபிக் கோப்பையை நீட்டிய கை. அழுகை முட்டியது. அழுவதற்கு நேரமில்லை.

"எரியுது. பச்சைதான்."

"அப்ப நெட்ல கோளாறு இல்ல. நானே உள்ள வந்து பார்க்கறேன். ஸ்க்ரீன்ல ஒரு கேள்வி வரும், 'சம்மதம்'னு தட்டுங்க. தட்டிட்டு மவுஸை விட்டுடுங்க."

தட்டினாள். விட்டாள்.

மவுஸ் அம்பு தானாக நகர ஆரம்பித்தது. தரையில் கிடக்கிறவனே எழுந்து வந்து பிடித்திருக்கிறானோ என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். இல்லை... கிடந்தபடியேதான் கிடந்தான்.

"ஆங்... பிடிச்சிட்டேன்! மேடம், முன்னாடி நிக்குதே, இது கொழுத்த மெயில். ஸ்கேன் பண்ணின பக்கத்தையெல்லாம் அப்படியே சொருகி வெச்சிருக்கு. சந்துல லாரி மாட்டின மாதிரி நிக்குது. இது போனாத்தான் பின்னாடி இருக்கறது போகும்."

"கொழுத்ததா? நான் எதையும் சொருகலியே!"

"இது நேத்து எழுதினது. சுருக்கிடறேன், இருங்க."

ஸ்க்ரீனில் அந்த மெயில் விரிந்தது. வெர்னா படித்தாள்.

'கமிஷன் அவர்களுக்கு. நகல்: வெர்னா. அந்த ரிப்போர்ட்டில் இருக்கும் கையெழுத்து நான் போட்டது. வெர்னா எழுதிய நிஜ ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் இணைத்திருக்கிறேன். அவள்மேல் ஒரு தவறும் இல்லை. வெர்னா, உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. என்னை மன்னித்துவிடு. ராய்ஸ்.'

முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தாள்.

வரும், வரும் என்றானே... நிஜமாகவே வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது!

அடுத்த கணமே இன்னொன்று உறைத்தது. இந்த மெயில் போதும். நேற்று எழுதியது, நிஜமானது. ஆனால் இதன் பின்னால் நிற்பது? செத்தவன் செத்த பிறகு எழுதிய மெயில்!

"தம்பி, நிறுத்து! ரெண்டாவதை அனுப்பாதே! அழிச்சிடு!"

"ஐயோ மேடம்... ரெண்டும் போயிடுச்சே!"

டிங்! வெர்னாவின் செல்போன் கூவியது. ராய்ஸின் பதில், வந்தே விட்டது.

"திரும்பக் கூப்பிட முடியாதா?"

"வெளி ஆபீசுக்குப் போனது போனதுதான் மேடம். ஏன் பதர்றீங்க? ரெண்டுலயும் ஒரே விஷயம்தானே? ஒண்ணு நேத்து எழுதினது, ஒண்ணு இப்பதான் எழுதி..." ரெஜான் நிறுத்தினான். "சார் காபி வாங்கப் போயிருக்கார்னுதானே சொன்னீங்க?"

வெர்னா அவுட்பாக்ஸைப் பார்த்தாள். காலி.

"எனக்கெதுக்கு அதெல்லாம்?" என்று அவனே அலுத்துக்கொண்டான். "காலையில சார் குடுத்த கம்ப்ளெயின்ட். வேலை முடிஞ்சுது."

"என்னது? கம்ப்ளெயின்ட் குடுத்தது... ராய்ஸா?"

"வேற யாரு? மதியம் கூப்பிடறேன்னு சொல்லியிருந்தேன். நல்ல மனுஷன் மேடம். 'எப்படியாவது இதை அனுப்பி வெச்சிடுப்பா, இது போகலைன்னா வெர்னா என்னைக் கொன்னுடுவா'ன்னு சொல்லிச் சிரிச்சார்!"

வெர்னா நாற்காலியில் சரிந்தாள். அழுகை இப்போது வந்தது. நேரம் கேட்காமல் வந்தது. நாசமாய்ப் போன ஒரு மெயில், ஒரு ராத்திரி, சந்தில் மாட்டிக்கொண்டதற்காகவா இதெல்லாம்?

ஸ்க்ரீனில் இன்னொரு டிங்!

கமிஷன் ஆபீசிலிருந்து: 'இரண்டு மெயில்களும் கிடைத்தன. ராய்ஸிடம் நேரில் வாக்குமூலம் வாங்க கான்ஸ்டபிள் மெல்னிக்கை அனுப்புகிறோம்.'

கமிஷன் உட்காரும் கோர்ட் கட்டடம் எதிர்த் தெருவில்தான் இருந்தது. அவள் கண்ணைத் துடைப்பதற்குள் முன் கதவு திறந்தது. பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தான் மெல்னிக். பள்ளிக்கூடத்தில் வெர்னாவின் மகனோடு ஹாக்கி ஆடியவன்.

"ஆன்ட்டி! ராய்ஸ் மாமா இருக்காரா?"

"காபி... வாங்கப் போயிருக்கார்."

"நடந்தா போனார்? இந்த மைனஸ் முப்பதுலயா?" மெல்னிக் சிரித்தபடி கையுறையைக் கழற்றினான். "அவர் கார் வாசல்ல நிக்குதே! இன்ஜின் உறையாம இருக்க கரண்ட்ல சொருகின வயரைக்கூட எடுக்கல!"

வெர்னாவிடம் இன்னொரு பொய் இருந்தது. அதைச் சொல்லத்தான் தெம்பில்லை.

"இல்லப்பா. உள்ளதான் இருக்கார்" என்றாள். மேஜைக்குப் பின்னால், தரையைக் காட்டினாள்.

மெல்னிக் எட்டிப் பார்த்தான். சிரிப்பு அப்படியே உறைந்தது.

"ஆன்ட்டி... என்ன இது? கையை மேஜைமேல வைங்க... தயவுசெஞ்சு வைங்க..."

ஒரு கையை வைத்தாள். இன்னொரு கையில் ரிசீவர் இன்னும் இருந்தது. அதிலிருந்து ரெஜான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

"மேடம்... ஹலோ... சார் வந்து 'எல்லாம் சரியாயிடுச்சு'ன்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் கம்ப்ளெயின்ட்டை நான் மூட முடியும். சொல்வாரா?"

வெர்னா ராய்ஸைப் பார்த்தாள். ரிசீவரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"மூடிடு தம்பி. அவர் இனிமே எதுக்கும் கம்ப்ளெயின்ட் பண்ண மாட்டார்!"